பிசியோதெரபி உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் நல்ல மனசோடுதான் வருகிறார்கள், அந்த நல்ல மனசுதான் முதல் சில வாரங்களில் பிரச்சினையும் செய்யும். நோயாளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கத் திணறுகிறார், கை நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, நமக்குப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வராமல் போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிடுகிறோம். அவரும் சந்தோஷமாகத்தான் இருப்பார். ஆனால் அவர் திணறிய அந்த அரை நிமிஷம்தான் அன்றைய சிகிச்சை, அதை நாம் பிடுங்கிக்கொண்டோம். அப்புறம் தெரபிஸ்ட் வந்து "இன்னிக்கு எப்படி எழுந்தார்?" என்று கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது. நானும் சேர்ந்த புதிதில் பல நாள் இதைச் செய்திருக்கிறேன். கையைக் கொஞ்சம் கட்டிப்போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து வைக்கப் பழகுவதுதான் இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது. கீழே எழுதியிருப்பதில் பாதி அதைப் பற்றியதுதான்.

எது உங்கள் வேலை, எது இல்லை

நோயாளியைப் பரிசோதிப்பது, என்ன பயிற்சி, எத்தனை தடவை, எவ்வளவு எடை என்று தீர்மானிப்பது எல்லாம் தெரபிஸ்டின் பொறுப்பு. இடத்தைத் தயார் செய்வது, நோயாளியைக் கூட்டி வருவது, சொன்ன பயிற்சியைச் செய்யும்போது பக்கத்தில் நிற்பது, ஒத்தடம் வைப்பது, சுத்தம் செய்வது, பார்த்ததை தெரபிஸ்டிடம் சொல்வது இவை உங்களுடையவை. ஒத்தடம், நடக்க வைப்பது மாதிரியானவற்றில் உதவியாளரை எதுவரை அனுமதிக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு, இடத்துக்கு இடம் மாறும், அதனால் சேர்ந்த அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொல்லித் தராத எதையும் "பார்த்துக் கத்துக்கிட்டேன்" என்று நோயாளி மேல் செய்து பார்க்காதீர்கள். மின்சாரத் தூண்டல், அல்ட்ராசவுண்ட் கருவிகளின் விசையை நீங்களாகத் தொடவே வேண்டாம்.

தினமும் யாராவது ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "நான் எப்போ நடப்பேன்?" என்று கேட்பார். தெரபிஸ்டிடம் கேட்காத கேள்வியை உங்களிடம் கேட்பார்கள், காரணம் நீங்கள்தான் அவர்களோடு அதிக நேரம் இருக்கிறீர்கள். ஆறுதலுக்காக "சீக்கிரம் நடந்துடுவீங்க" என்று சொல்லிவிடாதீர்கள், அந்த வார்த்தையை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். "அதைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது ஐயா, தெரபிஸ்டிடம் நீங்கள் கேட்டதாகச் சொல்கிறேன், அவரே வந்து பேசுவார்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உண்மையிலேயே போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை அவர் உங்களிடம் எதையும் கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார்.

நோயாளி வருவதற்கு முன்னால்

பதினைந்து நிமிஷம் முன்னால் வந்து சுற்றிப் பாருங்கள். வீல்சேர் பிரேக் இரண்டு பக்கமும் பிடிக்கிறதா, வாக்கர் மற்றும் ஊன்றுகோல் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டதா, தரையில் ஈரம் உண்டா, எலாஸ்டிக் பேண்டில் சின்னக் கீறல் இருக்கிறதா. பேண்டை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தால் கீறல் தெரியும், அது நோயாளி முகத்துக்கு நேரே அறுந்தால் கண்ணில்தான் அடிக்கும். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சாதாரண பேண்டைக் கொடுக்கக் கூடாது, லேடெக்ஸ் இல்லாததைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வருகிற ஒவ்வொருவரின் குறிப்பையும் படியுங்கள். முக்கியமாகத் தேட வேண்டியது காலில் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பது. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களில் சிலர் அந்தக் காலைத் தரையில் வைக்கவே கூடாது, சிலர் விரல் நுனி தொடும் அளவு மட்டும், சிலர் பாதி எடை, சிலர் தாங்குகிற அளவு. நேற்று சொன்னது இன்று மாறியிருக்கலாம். இடுப்பு மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து மாற்றியவர்களுக்கு வழக்கமாக மூன்று தடைகள் இருக்கும்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. இவரைத் தாழ்வான நாற்காலியில் உட்கார வைத்தாலே முதல் தடையை மீறியதாகிவிடும். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாலும் அப்படித்தான், அதனால் அவர் குனிவதற்கு முன் நீங்கள் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் ஓடிப்போய் உதவுவதுதான் சரி.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு

இதைத்தான் அதிகம் செய்வீர்கள், அதிகம் அடிபடுவதும் இதில்தான், நோயாளிக்கும் உங்களுக்கும். அவசரமே வேண்டாம்.

வீல்சேரை நோயாளியின் பலமான பக்கம், கட்டிலோடு 30 முதல் 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள். (சில நேரம் பயிற்சிக்காகவே பலவீனமான பக்கம் வைக்கச் சொல்வார்கள், சொன்னால் மட்டும்.) இரண்டு பிரேக்கும் போடுங்கள், கால் வைக்கும் தட்டுகளை விலக்குங்கள், கட்டில் சக்கரத்தையும் பூட்டுங்கள். காலில் வழுக்காத செருப்போ ஷூவோ இருக்கட்டும், வெறும் சாக்ஸோடு எழுந்திருக்க விடாதீர்கள். குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பை வெளியே மாட்டியிருந்தால் அதை எப்போதும் அவர் வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேயே வையுங்கள், உயரத் தூக்கினால் உள்ளே திரும்பிப் போய்க் கிருமித்தொற்று வரலாம். ஆக்சிஜன் குழாய், ஊசிக் குழாய் எல்லாம் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

படுத்திருந்தவரை உடனே நிற்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிஷம் உட்காரட்டும். பல நாள் படுத்தே இருந்தவர்கள் எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கி ரத்த அழுத்தம் சட்டென்று குறையும், எழுந்த மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால் அதை மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தெரிவது எண் அல்ல, முகம்: வெளிறிப் போவது, பார்வை எங்கோ நிலைகுத்துவது, கேட்டால் பதில் தாமதமாக வருவது, கொட்டாவி விடுவது. அப்படித் தெரிந்தால் நிற்க வைக்க வேண்டாம், திரும்பப் படுக்க வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

நடை பெல்ட்டைத் துணிக்கு மேல், இடுப்பைச் சுற்றிக் கட்டுங்கள், உங்கள் இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம். வயிற்றில் புதிய தையல், உணவு செலுத்தும் குழாய், மலப் பை இருந்தால் கட்டுவதற்கு முன் கேளுங்கள். பெல்ட்டை உள்ளங்கை மேல் பார்த்தபடி கீழிருந்து பிடியுங்கள், அப்போதுதான் அவர் சரிந்தாலும் பிடி நழுவாது. பெல்ட் தூக்குவதற்கான கயிறு இல்லை, வழிகாட்டவும் சரிந்தால் தாங்கவும் மட்டும்.

இப்போது அவரைச் செய்ய விடுங்கள். இடுப்பை முன்னால் நகர்த்திக் கட்டில் விளிம்புக்கு வரச் சொல்லுங்கள், பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துத் தரையில் பதிக்கச் சொல்லுங்கள், அப்புறம் "மூக்கு கால் விரலுக்கு மேல் வரட்டும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலானோர் எழ முடியாமல் போவதற்குக் காலில் பலமில்லாதது மட்டும் காரணம் இல்லை, விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பின்னால் சாய்ந்துகொண்டே எழப் பார்ப்பதுதான், அப்படி யாராலும் எழ முடியாது, நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள். முன்னால் சாய்ந்தால் இடுப்பு தானாக லேசாகும். நீங்கள் அவருக்கு எதிரே, பலவீனமான பக்கமாக நின்று, அந்த முழங்கால் மடங்காதபடி உங்கள் முழங்காலால் அணை கொடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றில் எழச் சொல்லுங்கள். எண்ணிய பிறகு இரண்டு மூன்று விநாடி ஒன்றும் செய்யாமல் இருங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கேட்டது புரிந்து உடம்புக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும், அந்த நேரத்தை நாம் கொடுப்பதே இல்லை.

எழுந்ததும் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பட்டும், காலைத் தரையில் ஊன்றியபடி உடம்பை மட்டும் முறுக்கக் கூடாது. நாற்காலி விளிம்பு காலின் பின்பக்கம் தொட்டதை அவரே உணர்ந்து, கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோய், மெல்ல உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்தால் உட்காரவில்லை என்று அர்த்தம், இன்னொரு முறை செய்து பார்க்கத் தெரபிஸ்ட் சொல்வார்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை மறந்தே விடுங்கள். பக்கவாதத்தால் தளர்ந்த தோளில் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசை வேலை செய்யாது, அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும், அப்புறம் மாதக்கணக்கில் தோள்வலியோடு இருப்பார். குடும்பத்தினர் இதைத்தான் அதிகம் செய்வார்கள், பாசத்தில் கையைப் பிடித்து இழுப்பார்கள், அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூளையின் வலது பக்கம் பாதித்தவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. பார்வைக் கோளாறு இல்லை, கவனம் அந்தப் பக்கம் போகவில்லை. வீல்சேரை அவரே தள்ளினால் இடது பக்கக் கதவுச் சட்டத்தில் மோதுவார், இடது கை நழுவிச் சக்கரக் கம்பிகளுக்குள் தொங்குவதும் தெரியாது. நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அந்தக் கையைப் பாருங்கள்.

உங்கள் முதுகு? முழங்காலை மடக்குங்கள், நோயாளியை உடம்போடு ஒட்டி வையுங்கள், திரும்ப வேண்டுமானால் பாதத்தை நகர்த்துங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டாவது ஆளைக் கூப்பிடுங்கள், அதற்காகக் காத்திருந்து பத்து நிமிஷம் தாமதமானாலும் பரவாயில்லை.

விழ ஆரம்பித்தால்

நிறுத்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள், ஜெயிக்க முடியாது. காலை அகட்டி ஒரு காலை முன்னால் வைத்து, பெல்ட்டால் அவரை உங்கள் பக்கம் இழுத்து, உங்கள் தொடை வழியாக வழுக்கிக்கொண்டு மெதுவாகத் தரைக்குப் போக விடுங்கள். தலை எங்கும் இடிக்காமல் பார்ப்பது மட்டும்தான் அப்போது வேலை. தரையில் உட்கார்ந்ததும் உடனே தூக்கவும் வேண்டாம், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள், எங்காவது முறிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் பார்த்த பிறகுதான் எழுப்புவது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பயந்து குறைத்து எழுதினால் அடுத்த நாள் அவரை நடத்திச் செல்கிறவருக்கு அவர் கால் நேற்று மடங்கியது தெரியாமல் போகும்.

வாக்கர், கம்பு, ஊன்றுகோல்

கைப்பிடி உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு: நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி. பிடிக்கும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். அக்குள் ஊன்றுகோலாக இருந்தால் மேல் பட்டைக்கும் அக்குளுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், எடை கையில்தான் இறங்க வேண்டும், அக்குளில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும்.

கம்பை வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். எதிர்ப் பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும், அப்போதுதான் வலிக்கிற காலில் எடை விழும் நேரத்தில் கம்பும் தரையில் இருந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். வாக்கரில் நாலு காலும் தரையில் பட்ட பிறகுதான் அடி எடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழ விடாதீர்கள், அது அவர் மேலேயே கவிழும், நாற்காலியின் கைப்பிடியை அழுத்தித்தான் எழ வேண்டும்.

ஒத்தடம் வைப்பதில் அலட்சியம் வேண்டாம்

ஹாட் பேக் (சூடான ஒத்தடப் பை) ஊறும் தொட்டியில் தண்ணீர் சுமார் 70 முதல் 75 டிகிரி செல்சியஸ். அந்தப் பையை அப்படியே தோலில் வைத்தால் வெந்துவிடும், ஆகவே ஆறு முதல் எட்டு அடுக்கு உலர்ந்த டவல் நடுவில் இருக்க வேண்டும், ஈரமான டவல் சூட்டை வேகமாகக் கடத்தும் என்பதால் உலர்ந்ததா என்று கையால் தொட்டுப் பாருங்கள். நோயாளி பை மேல் படுக்கக் கூடாது, உடம்பின் எடை டவலை அழுத்திச் சூட்டைக் கூட்டிவிடும், அதோடு வேண்டாம் என்றால் அவரால் தள்ளிவிடவும் முடியாது. வைத்த ஐந்தாவது நிமிஷம் டவலைத் தூக்கித் தோலைப் பாருங்கள். லேசான இளஞ்சிவப்பு சரி, வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். மொத்தம் 15 முதல் 20 நிமிஷம். கையில் கூப்பிடும் மணி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பத் தொட்டியில் போட்ட பை முழுச் சூட்டுக்கு வர அரை மணி நேரம் ஆகும், அதனால் எதை எப்போது போட்டீர்கள் என்று குறித்து வைத்தால் அரைகுறைச் சூடான பையை அடுத்தவருக்கு வைக்க மாட்டீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். "சூடு சரியா இருக்கா?" என்று கேட்டால் "இன்னும் கொஞ்சம் வைங்க" என்பார், அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட ஓர் இடத்தில் அப்படிக் கேட்ட ஒருவருக்கு ஒரு டவலை எடுத்துவிட்டார்கள், சாயங்காலம் கொப்புளம். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று தெரபிஸ்ட் பார்த்துக் குறிப்பில் எழுதாமல் சூடும் வைக்காதீர்கள், குளிரும் வைக்காதீர்கள், நோயாளியே கேட்டாலும் டவலைக் குறைக்காதீர்கள். புதிய அடி, வீக்கம், திறந்த புண், புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், காலில் ரத்தக் கட்டி சந்தேகம் இருந்தால் சூட்டுக்கு இடமே இல்லை.

ஐஸ் வைத்தால் வரிசையாகக் குளிர், எரிச்சல், குடைச்சல், மரத்துப்போதல் என்று வரும், இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எரிச்சல் வரும்போது பயப்பட மாட்டார்கள். 10 முதல் 15 நிமிஷம் போதும். குளிர் பட்டால் தடிப்பு வருகிறவர்கள், விரல் வெளுத்து நீலமாகிறவர்களுக்கு வேண்டாம். உருகிய மெழுகில் கையை முக்கும் மெழுகுக் குளியல் சுமார் 52 டிகிரியில் இருக்கும், தண்ணீர் அந்தச் சூட்டில் கையைச் சுடும், மெழுகு சூட்டை மெதுவாகக் கடத்துவதால் பொறுக்க முடிகிறது. மோதிரத்தைக் கழற்றி, கையைக் கழுவி, ஈரம் சொட்டு இல்லாமல் துடைத்து, விரலை அகட்டி வைத்தபடி ஆறிலிருந்து பத்து முறை முக்க வேண்டும்.

பயிற்சியின்போது எண்ணுவது மட்டும் போதாது

பத்து தடவை என்றால் பத்து எண்ணிவிடலாம், ஆனால் எப்படிச் செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கையைத் தூக்கச் சொன்னால் தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டு தூக்குவார்கள். காலை நேராகத் தூக்கச் சொன்னால் முழங்கால் லேசாக மடங்கும். உட்கார்ந்து முழங்காலை நீட்டச் சொன்னால் உடம்பு பின்னால் சாயும். பலவீனமான தசையைத் தவிர்த்துவிட்டு உடம்பு கண்டுபிடிக்கும் குறுக்கு வழிகள் இவை. ஏழாவது தடவையில் இது தொடங்கினால் உங்கள் கணக்கில் ஆறுதான், அதையே சொல்லுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறாரா என்றும் கவனியுங்கள், மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். அதற்கு நல்ல வழி, எண்ணுவதை அவரையே சத்தமாகச் செய்யச் சொல்வது, எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது.

உடனே நிறுத்த வேண்டியவை: நெஞ்சுவலி, பேச முடியாத அளவு மூச்சுத் திணறல், தலைசுற்றல், திடீரென்று குளிர்ந்த வியர்வையும் நடுக்கமும், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்து வலித்தால் தேய்த்துவிடவே கூடாது, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், நடக்கவும் விடாமல் தெரபிஸ்டைக் கூப்பிடுங்கள்.

பார்த்ததைச் சொல்வது எப்படி

"இன்னிக்கு அவ்வளவு நல்லா இல்லை" என்று சொன்னால் அதை வைத்து தெரபிஸ்டால் ஒன்றும் செய்ய முடியாது. "மூன்றாவது முறை எழுந்தபோது இடது முழங்கால் மடங்கியது, பெல்ட்டைப் பிடித்தேன், ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு இரண்டு முறை தானாக எழுந்தார்" என்று சொன்னால் நாளைய திட்டமே மாறலாம். எத்தனை தடவை, எந்தப் பக்கம், எப்போது, நீங்கள் எவ்வளவு உதவினீர்கள். வலியைக் கேட்டால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் வாங்குங்கள், அவர் ஆறு என்றால் ஆறு, உங்களுக்கு மூன்று மாதிரித் தெரிந்தாலும் ஆறு. காரணம் நீங்கள் ஊகிக்க வேண்டாம். அதோடு, நோயாளிகள் முக்கியமானதைப் போகிற வழியில்தான் சொல்வார்கள்: "ராத்திரி பாத்ரூம் போகும்போது லேசா வழுக்கிட்டேன், பரவாயில்லை" என்று ஷூவுக்கு லேஸ் கட்டும்போது சொன்ன ஒரு வாக்கியம் அன்றைய மொத்தக் குறிப்பை விடப் பெரியது. அதை உடனே போய்ச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வது உங்களுக்கே தெரியும், ஆனால் கிருமிநாசினி அடித்த உடனே துடைத்துவிட்டால் பயனில்லை, பாட்டிலில் போட்டிருக்கும் நிமிஷக் கணக்குக்கு மேற்பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். ஒரு நோயாளிக்கும் இன்னொரு நோயாளிக்கும் நடுவில் கை கழுவுங்கள். உடம்பில் எந்தப் பகுதிக்குச் சிகிச்சையோ அதை மட்டும் திறந்து மற்றதைத் துணியால் மூடுங்கள், திரையை முழுதாக இழுத்து விடுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஹாட் பேக் தொட்டியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்திருக்கும், பைகள் முழுதாக மூழ்கும்வரை ஊற்றுங்கள், வெளியே தெரியும் பை காய்ந்து கெட்டுப்போகும். இப்போது ஊற்றினால்தான் காலையில் முதல் நோயாளி வருவதற்குள் சூடு சமமாக ஏறியிருக்கும்.